ஜெர்மானியம் உணரி: திங்கள்கிழமை அளவீட்டுக்கு முன்

ஆய்வகக் குழுவினருக்கு வணக்கம். திங்கள்கிழமை காமா நிறமாலை அளவீடு தொடங்குகிறது. உணரிக்கு இன்று மாலை திரவ நைட்ரஜன் ஊற்றுகிறோம். நாளை காலை வரை உயர் மின்னழுத்தப் பெட்டியை யாரும் தொட வேண்டாம். உணரிக்குள் இருக்கும் ஜெர்மானியம் படிகம் முழுதாகக் குளிர வேண்டும். பிறகும் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகவே ஏற்றுங்கள். அவசரப்பட்டு ஒரே திருப்பில் ஏற்றினால் முன்பெருக்கியின் (உணரியின் சிறு சமிக்ஞையை முதலில் வாங்கும் சுற்று) நுழைவில் இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடலாம். நம்முடையது பி வகைப் படிகம், நேர்மின்னழுத்தம். உணரி சூடேறினால் மின்னழுத்தத்தைத் தானே துண்டிக்கும் கேபிளையும் மறவாமல் செருகுங்கள்.

பெருக்கியில் துடிப்பு வடிவமைப்பு நேரம் 6 மைக்ரோ விநாடி. அதை மாற்றுகிறவர் துருவ–சுழித் திருத்தத்தையும் (துடிப்பின் வால் நேராக அடிக்கோட்டுக்குத் திரும்பும்படி திருகாணியால் சரிசெய்வது) மறுபடி செய்தாக வேண்டும். ஆஸிலாஸ்கோப்பில் துடிப்பின் வாலைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கினாலும் தவறு, மேலே நீண்டு இழுத்தாலும் தவறு. அந்தத் திருகாணியில் செலவிடும் பத்து நிமிடம் வீணாகாது.

கோபால்ட்-60இன் 1332.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சியில் அரை உயர அகலம் (உச்சியின் பாதி உயரத்தில் அதன் அகலம்) 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 3ஐத் தொட்டால், பெருக்கியைக் குறை சொல்லுமுன் தரையிணைப்பைப் பாருங்கள். கணினி உட்பட எல்லாக் கருவிகளுக்கும் ஒரே மின்பலகை. இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அழையா விருந்தாளியாக வந்துவிடும். செல்போன் சார்ஜர்களுக்கு அந்தப் பலகையில் இடமில்லை. (யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்.)

கதிர்மூலத்தை உணரியிலிருந்து 25 செ.மீ. தள்ளி வையுங்கள். நாளை யார் வருகிறீர்கள் என்று இரவுக்குள் இங்கே சொல்லுங்கள்.