மருந்துப் பையில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் என் மாமியார் காலமான பின், மார்பகப் புற்றுநோய்க்காக அவர் உட்கொண்டுவந்த டமோக்சிஃபென் மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கழிவறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் கையில் சிக்கக்கூடாதே என்ற எண்ணம்தான். வேதியியல் பயிலும் என் மகள், "அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மறிக்கிற மருந்தும்மா" என்று சொன்ன பிறகே செய்த தவறு உறைத்தது.

ஹார்மோன்களின் வேலையைக் குலைக்கும் பொருள்கள் அதிக அளவில் இருந்தால்தான் கெடுக்கும் என்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 2001 முதல் 2003 வரை ஆய்வாளர்கள் ஓர் ஏரியில், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் மட்டுமே இருக்கும்படி கலந்தபோது, முட்டைக்கருவுக்கான புரதம் ஆண் மீன்களின் உடலிலும் உருவாகி, சிறு மீனினம் ஒன்று அங்கே ஏறத்தாழ அற்றே போனது. ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் நானோகிராம்.

நம் சிங்கப்பூரின் குழாய்நீரைப் பற்றி அச்சமூட்டுவது என் நோக்கமன்று. கழிவறை நீர் சுத்திகரிப்பு ஆலைக்குச் செல்கிறது. அதில் ஒரு பகுதி நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல் (நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்தி வடிப்பது), புற ஊதாக் கதிர் ஆகிய மூன்றையும் கடந்து, மீண்டும் பயன்படுத்தத்தக்க தூய நீரான 'புதுநீராக' 2003 முதல் மாறி வருகிறது. இத்தகைய மூலக்கூறுகளைச் சவ்வு பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் தடுக்கப்பட்டவை மறைந்துவிடுவதில்லை. ஒதுக்கப்படும் செறிந்த நீரிலேயே தங்கி, அதனோடு கடலுக்குப் போகின்றன.

இங்கு வீட்டுக் குப்பை எரியாலைக்குப் போவதால், மீந்த மாத்திரைகளைப் பையில் கட்டிக் குப்பையோடு போட்டாலே போதும். எங்களுக்குத் தரப்பட்ட மருந்துப் பையில் எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் இருந்தது. மீந்தால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. அந்த ஒரு வரியைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் அச்சிடுமாறு மருந்தகங்களுக்குச் சுகாதார அமைச்சு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்