கண்ணாடியைப் போட்டுக்கொள், பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

மூணு வாரமாகப் போன் இல்லை. போட்டோ மட்டும் வந்தது. கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் மங்கிப்போகும் சவ்வைத் திறக்கிற யாக் லேசர், அதில் ஒளி உருவாகும் கேவிட்டியை நீயே அடுக்கினாய் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் கண்ணாடி தலைமேல் ஏறியிருக்கிறதே! அதுவும் ஆரஞ்சுக் கண்ணாடி. ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படி. 532 நானோமீட்டர் மட்டும் போட்டிருந்தால் அது பச்சை லேசருக்கானது. உன் மேசையில் இருக்கும் யாக்கின் 1064 தாராளமாக உள்ளே வரும். 1064-க்கு நேரே ஓ.டி., அதாவது ஒளியைத் தடுக்கும் அளவு, 7-ஆவது இருக்க வேண்டும்.

ஃபோகஸைக் காப்சூலுக்கு, அதாவது அந்தச் சவ்வுக்கு, சுமார் 150 மைக்ரான் பின்னால் வை. ஃபோகஸில் வெடிக்கும் பிளாஸ்மா, லேசர் வரும் பக்கத்தை நோக்கித்தான் வளரும். பின்னால் தள்ளாவிட்டால் கண்ணுக்குள் வைத்த செயற்கை லென்ஸில் குழி விழும். 1 மில்லிஜூலில் தொடங்கி ஏற்று. சின்ன எண் என்று நினைக்காதே, 4 நானோவினாடியில் அடங்கினால் அது கால் மெகாவாட்.

நோயாளிக்கு, கதிர் குவிகிற 16 டிகிரிக் கூம்பே காப்பு. ஃபோகஸைத் தாண்டியதும் ஒளி விரிந்துவிடும், விழித்திரை தப்பும். மேசையில் உனக்கு அந்தக் காப்பு இல்லை. கடைசி லென்ஸுக்கு முன்னால் கதிர் இணையாகத்தான் போகிறது, உன் கண்ணே அதைக் குவித்து விழித்திரையின் நடுவான மாக்குலாவில் வைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒளி, இமையும் மூடாது. அலைன்மென்ட்டைச் சிவப்பு டயோடில் முடி. யாக் கதிர் எங்கே விழுகிறது என்பதை, கதிர் பட்ட இடத்தில் தடம் பதியும் பர்ன் பேப்பர் காட்டட்டும். வளையலைக் கழற்று, ஸ்க்ரூடிரைவரின் பளபளப்பு கூட ஆகாது. கதிரின் உயரத்துக்குக் குனியாதே. கண்ணாடியைப் போட்டுக்கொள்.

நான் பேப்பரைச் சாய்த்துப் படிப்பதை வயசு என்று நினைக்கிறீர்கள். வலக் கண் நடுவில் 22 வருஷமாக ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. இன்னும் ஒரே ஷாட்தானே என்று கண்ணாடியைக் கழற்றினேன். வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் போதவில்லை என்றேன் உன் அம்மாவிடம்.

கடைசியாகப் பேசியபோது, படிக்கையில் எழுத்து நடுவில் விட்டுப்போகிறது, தூக்கம் போதவில்லை என்றாய்.

கட்டம் போட்ட தாளின் நடுவில் ஒரு புள்ளி வை. 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் புள்ளியையே பார். கோடு வளைந்தாலும் விட்டுப்போனாலும் அன்றைக்கே ஓ.சி.டி. என்கிற விழித்திரை ஸ்கேன் எடு. வளையாவிட்டாலும் எடு. ரிப்போர்ட்டை முதலில் எனக்கு அனுப்பு. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், என்னுடையதையும் சேர்த்து.

அப்பா