கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நம்மவர்கள் வாங்கியிருக்கும் வீடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் குடியிருக்கும் வர்ஜீனியா மாநிலத்து லவுடன் கவுன்ட்டியும் அதில் வந்திருந்தது. கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. நாட்டிலேயே குடும்ப வருமானம் அதிகமான கவுன்ட்டி, தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை, வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது என்றெல்லாம் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அத்தனையும் உண்மை. "இதை மகளுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்" என்றாள் என் மனைவி. ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

லவுடன், வாஷிங்டனுக்கு மேற்கே டல்லஸ் (Dulles) விமான நிலையத்தை ஒட்டித் தொடங்கி ப்ளூ ரிட்ஜ் மலை வரை போகிறது. கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. 1990இல் இங்கே இருந்தவர்கள் 86 ஆயிரம் பேர். 2020 கணக்கெடுப்பில் 4 லட்சத்து 20 ஆயிரம். நான் 2004இல் இந்தக் கவுன்ட்டியின் ஆஷ்பர்னுக்கு வந்தபோது எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்னால் சோளக்கொல்லை இருந்தது. 2012இல் 5 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு நான்கு படுக்கையறை வீடு ஒன்றை வாங்கினோம். 2008 சரிவிலிருந்து சந்தை அப்போது முழுதாக எழுந்திருக்கவில்லை. என் சாமர்த்தியம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெறும் நேரம்தான்.

இங்கே வீட்டின் சந்தை மதிப்பை கவுன்ட்டியே வருடா வருடம் கணக்கிட்டுக் கடிதம் அனுப்பும். அந்த மதிப்புக்குத்தான் வரி, ஜூனிலும் டிசம்பரிலுமாக இரண்டு தவணை. கடிதம் வந்த அன்றைக்கு எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு கல்யாண வீடாகிவிடும். 2025இல் என் வீட்டுக்கு 9 லட்சத்து 5 ஆயிரம் போட்டிருந்தார்கள். வரியும் அதே மாதிரி ஏறியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 2012இல் 100 டாலர் மதிப்புக்கு 1.235 டாலர் வரி, எனக்கு 6,669 டாலர் வந்தது. 2025இல் அது 0.805 டாலர்தான். 7,285 டாலர் கட்டினேன். வீடு மூன்றரை லட்சத்துக்கு மேல் ஏறியிருக்கிறது, வரி அறுநூற்றுச் சொச்சம்தான் கூடியிருக்கிறது. பதின்மூன்று வருட விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் குறைந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

இந்தச் சலுகை எனக்கு எங்கிருந்து வந்தது? டேட்டா சென்டர்களிடமிருந்து, அதாவது இணையத்துக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் பெரிய கட்டடங்களிடமிருந்து. உலகத்திலேயே அவை இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இடம் ஆஷ்பர்ன்தான் என்பார்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு, 2025 கணக்கில், 100 டாலர் மதிப்புக்கு நான்கு டாலருக்கு மேல் வரி. அந்தக் கட்டடங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது, பள்ளிக்கூடம் வேண்டாம், காலையில் சாலையை அடைக்கவும் மாட்டா. கவுன்ட்டிக்கு அதிகச் செலவில்லாத வருமானம். அதனால் வீட்டுக்காரர்களின் வரி விகிதத்தைக் குறைத்துக்கொண்டே வர முடிந்தது. அதே கட்டடங்கள்தான் நிலத்தையும் விழுங்கின. ஏக்கருக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க அவர்கள் தயார். அந்த விலைக்கு நிலம் வாங்கி, ஒரு வாத்தியார் வாங்கக்கூடிய வீட்டை எந்த பில்டர் கட்டுவார்?

வாத்தியார் என்று சும்மா சொல்லவில்லை. என் மகள் இதே கவுன்ட்டியின் பள்ளிகளில் படித்து, இதே கவுன்ட்டியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். இருவர் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் டாலர். பேத்திக்கு ஒன்றரை வயது. நம் ஊர்க் கணக்கில் மாற்றிப் பார்த்தால் பெரிய பணக்காரர்கள். அவர்கள் குடியிருப்பது மலையைத் தாண்டி அடுத்த மாநிலத்தில், மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ் டவுனில், வாடகைக்கு. காலை ஐந்தே முக்காலுக்குப் பேத்தியைத் தூக்கத்திலேயே கார் சீட்டில் வைத்துக் கட்டிவிட்டு 9ஆம் எண் சாலையில் இறங்குவாள். பேத்தியை எங்கள் வீட்டில் விட வரும்போது அது கையில் பாதி தின்ற பிஸ்கட்டோடு இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். பனி கொட்டும் என்று அறிவிப்பு வந்தால் முதல் நாள் இரவே எங்களிடம் வந்துவிடுவாள். அவள் கார் டிக்கியில் எப்போதும் ஒரு போர்வை, ஒரு மண்வெட்டி, ஒரு மாற்று உடை.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஒரு டவுன்ஹவுஸை (பக்கச் சுவர் ஒட்டிக் கட்டிய வரிசை வீடு) பார்த்துவிட்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். விலை ஆறரை லட்சம். கையில் இருக்கும் 65 ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கடன், வட்டி 6.75 சதவீதம். மாதத் தவணை மட்டும் 3,794 டாலர். வரி, இன்சூரன்ஸ், குடியிருப்புச் சங்கத்தின் மாதக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் நாலரை ஆயிரத்தைத் தாண்டுகிறது. இரண்டு கார் கடன். இன்னொரு குழந்தை வந்து, எங்களுக்கும் முடியாமல் போனால், டேகேருக்கு மாதம் இரண்டாயிரம். மகள் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு "அம்மா, ரசம் இருக்கா?" என்று எழுந்து போனாள்.

குறைந்த வருமானக்காரர்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய குடியிருப்பு கட்டுகிறவர்கள் ஒரு பங்கை விலைக் கட்டுப்பாட்டு வீடுகளாகத் தர வேண்டும் என்ற திட்டம் 1993லிருந்து இருக்கிறது. இந்த வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் சம்பாதிப்பவர்கள் அதை வாங்க முடியாது. மூன்று பேர் குடும்பத்துக்கு அந்த வரம்பு 2025 கணக்கில் 1 லட்சத்து 3 ஆயிரம் வாக்கில் வருகிறது. அதற்கு இவர்கள் பணக்காரர்கள், சந்தைக்கு ஏழைகள். சரி, வரம்புக்குள் வந்தால் மட்டும் கிடைத்துவிடுமா என்றால், இருப்பது கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய.

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். 2015 வாக்கில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் டவுன்ஹவுஸ்களும் மூன்று மாடி அபார்ட்மென்டும் கட்ட ஒரு யோசனை வந்தது. அலுவலகங்களுக்கென்று ஒதுக்கிய நிலம், வீடு கட்ட வேண்டுமானால் வகை மாற்றி அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் பொது விசாரணை உண்டு. எங்கள் தெருவே திரண்டது. மனுவில் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், கவுன்ட்டித் தலைநகரான லீஸ்பர்க்கில் நடந்த விசாரணைக்குப் போய் மைக் முன்னால் நின்று நானும் பேசினேன். பள்ளியில் இடமில்லை, சாலை தாங்காது என்றேன். அந்த இரண்டும் பொய்யில்லை, ஆனால் நான் போனது அதற்காக இல்லை. சின்ன வீடுகள் பக்கத்தில் வந்தால் என் வீட்டு விலை விழுந்துவிடும் என்ற பயம்தான். வாடகைக்காரர்கள் வருவார்கள் என்று கார் பார்க்கிங்கில் நின்று பேசியவர்களில் பாதிப்பேர் அதற்குச் சில வருடம் முன்புவரை வாடகைக்கு இருந்த நாங்கள்தான்.

யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அன்று இரவு குழுவில் கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன.

அப்புறம் அந்த நிலத்தில் டேட்டா சென்டர் வந்தது. அந்த வகை நிலத்தில் அதைக் கட்டப் பொது விசாரணை தேவையில்லை என்றுதான் அப்போது சட்டம் இருந்தது. 2025 மார்ச்சில்தான் கவுன்ட்டி அதை மாற்றியது. ஆகவே யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஜன்னல் இல்லாத சாம்பல் நிறக் கட்டடம், கூரை மேல் வரிசையாகக் குளிரூட்டும் இயந்திரங்கள். காற்று இந்தப் பக்கம் அடிக்கும் இரவுகளில் ரீங்காரம் படுக்கையறை வரை வருகிறது. என் மனைவி தூக்கத்துக்கு மழைச் சத்தம் போடும் ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறாள். என் வீட்டு விலை விழவில்லை. என் மகள் வாங்கியிருக்கக்கூடிய வீடுதான் அங்கே இல்லை.

விலை ஏறினால் விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போக வேண்டியதுதானே, ஒரு இளம் குடும்பத்துக்கு இடம் விட்டாற்போலவும் இருக்கும் என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தோம். 2021இல் வட்டி மூன்றுக்குக் கீழே இருந்தபோது கடனை 2.75 சதவீதத்துக்கு மாற்றிக்கொண்டேன். மகள் போட்ட அதே கடனுக்கு என் வட்டியில் மாதம் 2,388 டாலர்தான் ஆகும். அதை விட்டுவிட்டு ஏழு சதவீதத்தை ஒட்டிய வட்டிக்கு யார் போவார்கள்? ஆக, நான்கு அறை வீட்டில் இரண்டு பேர். ஒரு அறையில் கொலுப் பெட்டிகள் மட்டும். எங்கள் தெருவில் இப்படி ஏழு வீடுகளை எண்ண முடிகிறது.

ரயில் வந்தால் நிலைமை மாறும் என்றார்கள். 2022 நவம்பரில் மெட்ரோ ஆஷ்பர்ன் வரை வந்துவிட்டது. விமான நிலையத்துக்கு அப்பால் இருக்கும் இரண்டு ரயில் நிலையங்களில் ஒன்றைச் சுற்றி விமான இரைச்சல் காரணமாக வீடே கட்டக் கூடாது. இன்னொன்றை ஒட்டி அபார்ட்மென்டுகள் எழுகின்றன, நல்லதுதான், ஆனால் வாடகையைக் கேட்டுவிட்டு மகள் சிரித்தாள். கவுன்ட்டியின் மேற்குப் பக்கம் குதிரைப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும்தான். அங்கே அடிப்படை விதியே, இடத்தைப் பொறுத்து, 20 ஏக்கருக்கு ஒரு வீடு, 40 ஏக்கருக்கு ஒரு வீடு என்ற கணக்கு. அந்த அழகை அழிக்கச் சொல்லவில்லை. மிச்சமிருக்கும் கிழக்குப் பக்கத்தில் வீடு என்று யார் வந்தாலும் நாங்கள் மனுவோடு நிற்கிறோம் என்பதுதான் சங்கடம். கட்டுரையாளர் வீட்டு விலையைப் பெருமையாக எழுதியபோது, அந்த விலையில் எங்கள் கையெழுத்துக்கும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்திருக்கலாம்.

போன வாரம் இரண்டு தெரு தள்ளி இருப்பவர் ஒரு தாளோடு வந்தார். பெரிய சாலை ஓரத்தில் டவுன்ஹவுஸ் கட்டும் யோசனை வந்திருக்கிறதாம், அடுத்த மாதம் விசாரணையாம். "சார், நீங்க நல்லா பேசுவீங்களே, போன தடவை மாதிரி வந்து பேசணும்" என்றார். காபி கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. வருவேன் என்று மட்டும் சொன்னேன், எந்தப் பக்கம் பேசுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அங்கே பேசக் கொடுப்பது இரண்டு மூன்று நிமிடம்தான், அதனால் மனைவி சிவப்புப் பேனாவால் பாதியை அடித்திருக்கிறாள்.

பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் தெருவில் உங்கள் சந்தாதாரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆஷ்பர்ன், வர்ஜீனியா