பட்டா நிலத்தில் தங்கிவிட்ட புள்ளிமான்கள் தொடர்பாகக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கௌசிகா நதிக்கரை மானாவாரி விவசாயி,
அவிநாசி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
திருப்பூர்.

பொருள்: புள்ளிமான்களைக் கணக்கெடுத்து உயிரோடு இடம் மாற்றவும், வேலிக்கு உதவவும் வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் 'காடு' என்றுதான் சொல்வோம். மான்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. எனக்கு நாலு ஏக்கர். மாட்டுக்காகச் சோளம் விதைத்தால், ஒரு சாண் வளர்ந்ததும் இரவோடு இரவாகக் குருத்தைக் கடித்துவிடுகின்றன. இந்த வருடம் சோளத்தட்டு விலைக்கு வாங்கித்தான் மாட்டைக் காப்பாற்றினேன். தின்றதுகூடப் போகட்டும். ஆண் மான்கள் கொம்பை உரசி உரசி முருங்கைக் கன்றுகளின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டன. பதினோரு கன்று நின்றபடியே காய்ந்தது. நிலத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டினேன், நாலு நாள் பயந்தன. அழுகிய முட்டைக் கரைசல் தெளித்தேன், ஒரு மழையில் வாடை போயிற்று.

பயிரைக் காக்கச் சுட அனுமதி தர 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி உண்டு என்று தெரியும். அதைக் கேட்டு இந்த மனு எழுதவில்லை. போன ஐப்பசியில் நாய்கள் துரத்தி ஒரு பெண் மான் என் கிணற்றில் விழுந்தது. கயிறு கட்டி மேலே தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது. வயிற்றில் குட்டி.

இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. வருடம் முழுக்கக் குட்டி போடும் இனம் பெருகத்தான் செய்யும், நாயிடமும் வண்டியிலும் சாகத்தான் செய்யும். அதனால் முதலில் எத்தனை மான் என்று எண்ணுங்கள். எங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், எங்கே படுக்கும், எந்தத் தடத்தில் தண்ணிக்கு இறங்கும் என்பது எங்களுக்கு அத்துபடி.

அப்புறம், துரத்தி வலை போட்டால் மான் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். மத்தியப் பிரதேசத்தில் 'போமா' முறையில் செய்கிறார்கள். வாய் அகன்று, உள்ளே போகப்போகக் குறுகும் அடைப்புக்குள் மான்களைப் பதறவிடாமல் வரவைத்து வண்டியில் ஏற்றுகிறார்கள். அங்கே பென்ச் வனத்திலிருந்து சத்புரா வனத்துக்கு இப்படித்தான் கூட்டம் கூட்டமாகப் போயின. இங்கே அப்படி ஓர் அடைப்பு கட்ட, அறுப்பு முடிந்ததும் என் நிலத்தைத் தருகிறேன். வாடகை வேண்டாம்.

அதுவரை, ஐந்தாறு தோட்டங்களைச் சேர்த்து ஒரே சூரியசக்தி வேலியாகப் போட மானியம் வாங்கித் தாருங்கள். தனித்தனியாகப் போட எங்களுக்குக் கட்டாது. திறந்த கிணறுகளுக்குத் தடுப்புச் சுவரும் வேண்டும். சேதம் பார்க்க வருபவர்கள் பயிர் நிற்கும்போதே வரட்டும், உழுத நிலத்தில் எதை அளப்பது?

அடுத்த விதைப்புக்கு முன் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தாங்களே நேரில் வாருங்கள். என் கிணற்று மேட்டில் நின்றாலே கூட்டம் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
நிலத்துக்காரர் மற்றும் பக்கத்துத் தோட்டத்தார்