பனியில் சிக்கும் கார்: ஆல் வீல் டிரைவ் எதுவரை உதவும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறை நெருங்கியதும் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் மணாலிப் பேச்சு தொடங்கிவிடும். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குத் தாஜ்மகாலைக் காட்டிய கையோடு பனியையும் காட்டிவிட வேண்டும் என்பது இப்போது எழுதப்படாத விதி. மயூர் விஹாரில் 26 ஆண்டுகளாக வசிக்கும் நான், இந்தப் பேச்சினூடே அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். "நம்முடையது ஆல் வீல் டிரைவ் வண்டி, பனியில் மாட்டாது" என்பதே அந்த வாக்கியம் (நான்கு சக்கரங்களையும் என்ஜின் சுழற்றும் வண்டியே ஆல் வீல் டிரைவ்). மாட்டும், நானே மாட்டியிருக்கிறேன்.

சென்ற ஜனவரியில் மதுரையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் குடும்பத்துடன் மணாலிக்கு மேலே உள்ள சோலாங்கைத் தாண்டிச் சென்றபோது, எதிரே வந்த பேருந்துக்கு வழிவிடச் சாலையோரம் ஒதுங்கினேன். சாலையைச் சுத்தம் செய்த இயந்திரம் ஒதுக்கிவிட்டுப் போயிருந்த பனிக்குவியலில் இடப்பக்கச் சக்கரங்கள் இறங்கின. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிறதே என்ற துணிவில் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன். சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. சில நிமிடங்களில் கருகல் வாடை வந்தது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது.

பின்னால் வந்த உள்ளூர் டாக்சி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்தார். அவர் என்ஜினைத் தொடவே இல்லை. முதலில் தரையோடு தரையாகப் படுத்து வண்டியின் அடியில் பார்த்தார். வண்டியின் அடிப்பாகம் இறுகிய பனியின்மேல் உட்கார்ந்திருந்தது. அதனால் வண்டியின் எடையில் பெரும்பகுதியைச் சக்கரங்கள் அல்ல, பனியே தாங்கிக்கொண்டிருந்தது. "அங்கிள்ஜி, சக்கரத்தின்மேல் பாரமே இல்லையே, பிறகு எப்படிப் பிடிக்கும்?" என்றார். கைப்பிடி குட்டையான மண்வெட்டி ஒன்றால் இருபது நிமிடம் அடியிலிருந்த பனியைத் தோண்டி எடுத்தார். நான் சுழற்றிச் சுழற்றிக் கண்ணாடிபோல் ஆக்கியிருந்த பனியைச் சக்கரங்களின் முன்னால் கொத்திவிட்டு, கோணிச்சாக்கையும் எங்கள் கால்மிதிகளையும் விரித்தார். ஸ்டீயரிங்கை நேராக்கி, சக்கரம் வழுக்கினால் விசையைக் குறைத்துவிடும் டிராக்ஷன் கண்ட்ரோலை அணைக்கச் சொல்லி, இரண்டாவது கியரில் மிக மெதுவாக எடுக்கச் சொன்னார். வண்டி வெளியே வந்தது.

அன்று முதல் இதைப்பற்றித் தேடிப் படித்து வருகிறேன். ஆல் வீல் டிரைவ் செய்வது ஒன்றே ஒன்றுதான்: என்ஜினின் விசையை இரண்டு சக்கரங்களுக்குப் பதில் நான்குக்கும் பகிர்கிறது. பனியில் வண்டியைக் கிளப்பவும் சரிவில் ஏற்றவும் இது பெரிதும் உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சாலையைப் பிடிப்பது டயர்தான். இல்லாத பிடியை எந்தப் பகிர்வாலும் உண்டாக்க முடியாது. அதிலும் நம் நாட்டில் விற்கும் இத்தகைய கார்கள் பலவற்றில், வழக்கமாக முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. அவை வழுக்கும்போது மட்டும் பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்ச் பின்சக்கரங்களுக்கு விசையை அனுப்புகிறது. நீண்ட நேரம் சக்கரத்தைச் சுழலவிட்டால் அந்தக் கிளட்ச் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள விலகிவிடும். எனக்கு எரிந்த விளக்கின் பொருள் அதுதான். மகிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில் உள்ள, விசையைப் பெருக்கித் தரும் லோ ரேஞ்ச் கியர் இவற்றில் கிடையாது. இரண்டையும் ஒரே பெயரால் "ஃபோர் பை ஃபோர்" என்று அழைத்து விற்பதும் வாங்குவதும் குழப்பத்துக்கே வழிவகுக்கின்றன.

சிக்கிக்கொள்வதைவிட எனக்கு அதிக அச்சம் தருவது நிறுத்தும் திறன் பற்றிய தவறான நம்பிக்கை. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. ஆகவே பிரேக் போடும்போது ஆல் வீல் டிரைவால் கூடுதல் பயன் ஏதுமில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் போட்டபின் சுமார் 9 மீட்டரில் நிற்குமென்றால், இறுகிய பனியில் சுமார் 30 மீட்டரும், வழவழப்பான பனிக்கட்டியில் 60 மீட்டரும் வேண்டியிருக்கும். சாதாரணக் காரில் கிளம்பும்போதே சக்கரம் வழுக்கி, "இது ஆபத்தான இடம்" என்று ஓட்டுநருக்குச் சொல்லிவிடுகிறது. ஆல் வீல் டிரைவில் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. ஏறியது சுலபம் என்பதால் இறங்குவதும் சுலபம் என்று எண்ணி, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தடுப்புச் சுவரில் மோதியவர்களை அதே நாளில் கண்டேன்.

டயர் விஷயத்தை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. தில்லியின் 45 டிகிரி வெயிலுக்கேற்ற டயரின் ரப்பர், வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இறுகிப் பிடியை இழக்கிறது. பனிக்கால டயர்கள் குளிரிலும் மென்மையாக இருக்கும். அவற்றின் நுண்ணிய வெட்டுகளில் பனி சிக்கி, பனியைப் பனியே பிடித்துக்கொள்ளும். நல்ல பனிக்கால டயர் போட்ட சாதாரணக் கார், தேய்ந்த கோடைக்கால டயர் போட்ட ஆல் வீல் டிரைவ் காரைவிடப் பாதுகாப்பாக நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை மலையேறும் நம்மைப் போன்றோர் அதற்காகத் தனி டயர் வாங்குவது கடினம். சக்கரத்தில் சுற்றும் இரும்புச் சங்கிலியையாவது வாங்கி, வீட்டு வாசலிலேயே ஒருமுறை பூட்டிப் பழகிக்கொள்வது நடக்கக்கூடிய காரியம். விரல் மரத்துப்போகும் குளிரில் முதன்முறையாகப் பூட்ட முனைவது வீண்.

2024 டிசம்பரில் சோலாங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் பனியில் சிக்கி நின்றன. 2020இல் திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கப்பாதை, முன்பு குளிர்காலத்தில் யாரும் எட்டிப் பார்க்காத உயரங்களுக்கு நம்மை ஒரு பகலில் கொண்டுசேர்க்கிறது. பனி பொழியும் நாட்களில் மணாலிக்கு மேலே ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டுமே காவல்துறை அனுமதிப்பது நல்ல ஏற்பாடு. அந்தச் சோதனைச் சாவடியிலேயே டயரின் தேய்மானத்தையும், சங்கிலி இருக்கிறதா என்பதையும் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முரீ மலைநகரில் பனியில் சிக்கிய கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சைலன்சர் குழாயைப் பனி மூடிக்கொண்ட நிலையில் ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். சிக்கிக்கொண்டால் முதலில் அந்தக் குழாயைச் சுற்றிலும் பனியை அகற்ற வேண்டும். என்ஜினை இடையிடையே மட்டும் ஓடவிட்டு, கண்ணாடியைச் சற்றே இறக்கி வைக்க வேண்டும். அன்று என் வண்டியில் குழந்தைகள் இருவர் இருந்தார்கள். எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

தங்கள் நாளிதழ் குளிர்காலச் சுற்றுலாச் செய்திகளை வெளியிடும்போது, எத்தனை சென்டிமீட்டர் பனி பெய்தது என்பதோடு, அந்தச் சாலைக்குச் சங்கிலி தேவையா என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தில்லியில் காரை வாடகைக்கு விடுவோர், மலைக்குச் செல்லும் வண்டிகளில் சங்கிலியும் ஒரு மண்வெட்டியும் வைத்துத் தர முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மயூர் விஹார், தில்லி.