காணாமல் போன வீரர்களுக்கும் ஒரு நாள் வேண்டும்

மதிப்புக்குரிய இந்தியப் பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானில் பிடிபட்ட விங் கமாண்டர் அபிநந்தன், மார்ச் 1 இரவு வாகா எல்லையைக் கடந்து வந்தார். நாடே தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அவர் பிடிபட்ட காட்சி அதற்குள் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது அந்த வசதி இல்லை. ஃப்ளைட் லெப்டினன்ட் தாம்பே ஓட்டிய போர் விமானம் அந்த டிசம்பரில் பாகிஸ்தானுக்குள் விழுந்தது. பிடிபட்ட விமானிகள் என்று டாக்கா நாளிதழ் ஒன்று வெளியிட்ட செய்தியில், எழுத்துப் பிழையோடு அவர் பெயரும் இருந்தது. அவ்வளவுதான். அவருடைய மனைவி தமயந்தி, தேசிய பாட்மிண்டன் சாம்பியன். திருமணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. அன்றிலிருந்து அவர் தட்டாத கதவு இல்லை.

அந்தப் போரில் நம் பிடியில் இருந்த பாகிஸ்தானியர் சுமார் 93,000 பேரையும் 1974-க்குள் திருப்பி அனுப்பிவிட்டோம். ஆனால் நம் தரப்பில் 54 பேர் திரும்பவில்லை என்று குடும்பங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. 1979-ல் நாடாளுமன்றத்தில் அரசே பெயர்ப் பட்டியல் கொடுத்தது. பிற்பாடு எண்ணிக்கை 83 ஆனது. பாகிஸ்தான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. 1983-லும் 2007-லும் உறவினர்கள் அங்கே போய்ச் சிறைகளைப் பார்த்தார்கள். யாரையும் காண முடியாமல் திரும்பினார்கள்.

உயிரோடு இருந்தால் அந்தப் போரில் காணாமல் போனவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கூட்டி வாருங்கள் என்று கேட்பதோடு இந்த மடல் நிற்க முடியாது, அது எனக்கும் புரிகிறது. நான் கேட்பது, அவர்களை அரசு தன் வாயால் நினைவுகூர வேண்டும் என்பதுதான். இறந்தவர் என்றும் சொல்ல முடியாமல், இருப்பவர் என்றும் சொல்ல முடியாமல் ஐம்பது வருடம் ஒரு குடும்பம் இருப்பது சாதாரணக் காரியமா?

அமெரிக்காவில் செப்டம்பர் மூன்றாவது வெள்ளிக்கிழமை போர்க்கைதிகளுக்கும் காணாமல் போனவர்களுக்கும் உரிய நாள். படை விருந்துகளில் சின்ன வட்ட மேசை ஒன்று தனியாக இருக்கும். வெள்ளை விரிப்பு, ஒற்றை ரோஜா, தட்டில் எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் உப்பு, கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர். நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். எலுமிச்சை அவர்கள் விதியின் கசப்புக்கு, உப்பு குடும்பத்தின் கண்ணீருக்கு. அப்புறம், இது வெறும் சடங்கோடு முடிவதில்லை. இரண்டாம் உலகப் போரில் விழுந்தவர்களின் எலும்புகளைக்கூட இன்றும் தோண்டியெடுத்து, டிஎன்ஏ பார்த்து, பெயர் சொல்லி வீட்டில் ஒப்படைக்க அவர்களுக்குத் தனி அமைப்பே இருக்கிறது.

நமக்கும் அப்படி ஒரு நாளை அறிவியுங்கள். சிறை மீண்டு வந்தவர்களையும் அன்று மேடைக்கு அழையுங்கள். 1972-ல் ராவல்பிண்டி முகாமில் சுவரைத் துளைத்துத் தப்பி, ஆப்கான் எல்லைக்கு அருகே மறுபடி பிடிபட்ட நம் விமானிகள் மூவரின் கதை எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

அந்த 83 பேரில் ஒவ்வொருவரைப் பற்றியும் கடைசியாகக் கிடைத்த தகவல் என்ன, நாம் பாகிஸ்தானிடம் எப்போது கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதை மக்கள் பார்வைக்கு வையுங்கள். உடன்பிறந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் இருக்கும்போதே டிஎன்ஏ மாதிரிகளை எடுத்துப் பாதுகாக்க இந்த ஆண்டே உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்நாட்டுக் குடிமக்களில் ஒருவன்