கோட்டுக்கு வெளியே நிற்கும் நம் பிள்ளைகள்: மொரீசியஸ் தமிழ்ப் பெரியோர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரீசியஸ் தமிழ்க் கோயில் நிர்வாகிகளுக்கும் தமிழ்ச் சங்கப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர்த் திடல்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கால்பந்து ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறேன். ஆடுகிறவர்களைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று கோஷம் போடுகிறவர்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. அவர்களில் பலர் நம் பிள்ளைகள்.

வங்கதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கொஞ்ச காலமாக எங்கள் பக்கத்தில் ஓர் அணி சேர்த்து ஆடுகிறார்கள். வாரம் முழுக்க ஜவுளி ஆலையிலும் கட்டட வேலையிலும் உழைத்துவிட்டு, கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில் பந்தோடு வருகிறார்கள். மடகாஸ்கர் பையன்களும் ஓரிருவர் அவர்களோடு உண்டு. பந்து இவர்கள் காலுக்கு வந்தவுடன் ஒரு பக்கமிருந்து கூச்சல் கிளம்பும். வங்கதேசத்தவருக்கு ஒரு வசவு, மடகாஸ்கர் பையனுக்குக் குரங்குச் சத்தம். அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். எல்லாம் கிரியோல் மொழி வசவுகள், நம் எல்லார் வீட்டிலும் தெரிந்தவை. காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் திருநீறோடு வந்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். என்னிடம் குறள் படித்தவர்களும் இருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு கோயில் நிர்வாகி நின்றிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். “பையன்கள் விளையாட்டுக்குக் கத்துகிறார்கள், விடுங்கள் ஐயா” என்றார். அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

விளையாட்டுக்குக் கத்துவது எதுவரை போகும் என்பதை இந்தத் தீவு பார்த்திருக்கிறது. 1999 மே 23 அன்று ஃபயர் பிரிகேட் அணிக்கும் ஸ்கவுட்ஸ் கிளப்புக்கும் நடந்த ஆட்டம், அதன் பிறகு வெடித்த கலவரம், தலைநகர் போர்ட் லூயிஸ் வரை வந்து லாமிகால் சூதாட்ட விடுதிக்கு வைத்த தீ. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு குழந்தைகள், ஒரு கர்ப்பிணிப் பெண் உட்பட. பந்தாட்டத்துக்கும் அந்த விடுதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த ஆட்டம் நடந்தது அஞ்சலை விளையாட்டரங்கில். அந்தப் பெயர் யாருடையது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. அஞ்சலை குப்பன் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்த தமிழ்ப்பெண். 1943 செப்டம்பர் 27 அன்று பெல் வ்யூ ஆரெல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் இறந்தவர்களில் ஒருவர். அவரும் அப்போது கர்ப்பிணி. கூலிக்காரர்களின் உயிருக்கு மதிப்பில்லாத காலத்தில் விழுந்த ஒரு தாயின் பெயரைத் தாங்கிய அரங்கிலிருந்து கிளம்பிய வெறியில் இன்னொரு கர்ப்பிணி வெந்து மடிந்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நம் கால்பந்து தொடக்கத்திலிருந்தே சாதி சனமாகப் பிரிந்து வளர்ந்தது. வெள்ளையருக்கு டோடோ கிளப், ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல் மக்களுக்கு ஃபயர் பிரிகேட், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் ஸ்கவுட்ஸ், வட இந்திய வழி இந்துக்களுக்கு ஹிந்து கேடட்ஸ், சீனர்களுக்கு டிராகன்ஸ், நமக்குத் தமிழ் கேடட்ஸ். இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டோடோ கிளப்பின் கதவு நம்மவருக்குத் திறக்காத காலம் அது. வெறுங்காலோடு பந்து உதைத்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சட்டையும் பூட்ஸும் கொடுத்து, பெரிய அரங்கில் ஓடவைத்தது அவரவர் சமூகக் கழகம்தான். தமிழ் கேடட்ஸ் ஆட்டத்தைப் பற்றி நம் முதியவர்கள் பேசும்போது கண்ணில் வருகிற ஒளியை நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமை நியாயமானது.

ஆனால் அந்தப் பெருமையோடு சேர்ந்து வளர்ந்தது இந்தக் கோஷம். மதம், இனம் சொல்லும் பெயர்களை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். முஸ்லிம் ஸ்கவுட்ஸ் ஸ்கவுட்ஸ் கிளப் ஆனது. அரங்கில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பது மாறவில்லை. 1999-க்குப் பிறகு லீக் ஆட்டங்களையே நிறுத்திவைத்து, ஊர் வாரியாகப் புதிய கழகங்களை உண்டாக்கினார்கள். போர்ட் லூயிஸ் 2000, கியூர்பிப் ஸ்டார்லைட், பாம்ப்ளமூஸ் என்று பெயர்கள் வந்தன, பார்க்க வருகிற கூட்டம்தான் கரைந்துபோனது. வாயில் இருந்த வசவை யாரும் தொடவே இல்லை. அது பெரிய அரங்கிலிருந்து சின்னத் திடலுக்கு இறங்கி வந்து புதிய ஆட்களைத் தேடிக்கொண்டது. இன்றைக்குச் சிலர் தமிழ் கேடட்ஸ் பெயரில் மீண்டும் அணி கட்டலாம் என்று பேசுகிறார்கள். பெரியோர்களே, அதற்குத் துணை போகாதீர்கள்.

ஊர் மாறிவிட்டது என்று பையன்கள் சொல்கிறார்கள். உண்மைதான், மாறிவிட்டது. பிள்ளைப்பேறு குறைந்து, இளையவர்கள் பிரான்சுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க்கொண்டிருக்கும் தீவு இது. ஆலையிலும் கட்டடத்திலும் பேக்கரியிலும் ஆள் வேண்டும். வங்கதேசம், நேபாளம், மடகாஸ்கர், இந்தியா, இலங்கை என்று பல இடத்திலிருந்து வருகிறார்கள். ரோஸ் ஹில்லில் பழைய மரவீடுகளில் இப்போது பத்துப் பேர் சேர்ந்து தங்குகிறார்கள். கடைத்தெருவில் வங்காள மொழி காதில் விழுகிறது.

இந்தத் தீவில் ஊர் மாறியது இது முதல் தடவையில்லை. 1968 ஜனவரியில், சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, போர்ட் லூயிஸில் கிரியோல்களும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் படை வந்த பிறகுதான் அடங்கியது. பிளேன் வெர்ட்டில் இருந்த கிரியோல் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரோஷ் புவா பக்கம் போயின, ரோஷ் புவாவின் முஸ்லிம் குடும்பங்கள் பிளேன் வெர்ட்டுக்கு வந்தன. தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு பிரிந்தார்கள். அந்தக் கோடு இன்றுவரை முழுதாக அழியவில்லை. அன்று பயம் ஊரை மாற்றியது. இன்று வேலை மாற்றுகிறது. இந்த இரண்டாவது வகை மாற்றத்தோடு நாம் நிம்மதியாக வாழ முடியும். அதில் பயத்தைக் கலப்பது திடலில் எழும் அந்தக் கூச்சல்தான். ஆட்டம் முடிந்ததும் அந்த வங்கதேசத்துப் பையன்கள் தனித்தனியாக வீடு திரும்பப் பயந்து, கும்பலாகவே நடந்து போனார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியது நம் பிள்ளைகள்.

நம்மால் என்ன ஆகும் என்று நீங்கள் கைவிரிக்க முடியாது. 1998-இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தின் இடத்தை மாற்றி அச்சிட்டபோது நாம் என்ன செய்தோம்? சங்கங்களும் கோயில்களும் ஒன்றாகக் குரல் கொடுத்தன, அச்சடித்த நோட்டுகளை வங்கி திரும்பப் பெற்றது. எழுத்தின் மரியாதைக்காக ஒரு நாட்டின் பணத்தையே மாற்ற வைத்த சமூகம், தன் பிள்ளைகளின் நாக்கைத் திருத்த முடியாதா?

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஞாயிறு ஆட்டங்களில் ஆடும் பல அணிகளுக்குச் சட்டை வாங்கித் தருவது நம் சங்கங்கள்தான். எந்த அணியின் ஆதரவாளர்கள் இனவசவு பாடுகிறார்களோ, அந்த அணிக்கு அந்தப் பருவம் பணம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இளைஞர்கள் ஒரே மாதத்தில் அடங்குவார்கள். ஏனென்றால் தன் அணியைக் கெடுக்கிறவனை மற்ற பையன்களே விடமாட்டார்கள்.

நடுவர்களுக்கும் நீங்கள் துணை நிற்க வேண்டும். ஃபிஃபா விதிப்படி மூன்று படிகள் உண்டு: முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, அடங்காவிட்டால் ஆட்டக்காரர்களை உள்ளே அனுப்பி இடைவேளை, அதற்கும் மேல் போனால் ஆட்டமே ரத்து. 2024-இல் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாடு, வசவுக்கு ஆளான ஆட்டக்காரர் இரண்டு மணிக்கட்டையும் குறுக்காகக் கோத்துக் காட்டலாம் என்ற சைகையையும் ஏற்றுக்கொண்டது. நம் திடலில் விசில் ஊதுகிறவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர், தனி ஆள். ஆட்டத்தை நிறுத்தினால் அடி விழுமோ என்று அஞ்சுகிறார். வேட்டி கட்டிய இரண்டு பெரியவர்கள் கோட்டோரம் வந்து நின்றாலே அவருக்குத் தைரியம் வந்துவிடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஏதாவது பையன் மாட்டிக்கொண்டால் நிர்வாகிகள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், “நல்ல குடும்பத்துப் பையன்” என்று பேசி அழைத்துவருவது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து இனி போகாதீர்கள். போவதானால் வசவு வாங்கியவனின் தங்குமிடத்துக்கு முதலில் போங்கள், அந்தப் பையனையும் கூட அழைத்துக்கொண்டு.

வரும் மே 23 அன்று அஞ்சலை அரங்கில் பள்ளிவாசல், தேவாலயம், பகோடா, கோயில் எல்லாத் தரப்பும் சேர்ந்து நின்று இறந்த ஏழு பேரின் பெயரையும், அவர்களோடு அஞ்சலையின் பெயரையும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அழைப்பு நம் பக்கத்திலிருந்து போகட்டும். பாடசாலைப் பிள்ளைகளை நான் அழைத்துவருகிறேன். உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, சட்டைப் பணம் பற்றிய முடிவை மட்டுமாவது எடுத்துவிட்டு எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்
ரோஸ் ஹில்